பரோசாவில் ஒரு குடும்ப ஒயினரிக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிலெய்டில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கடற்கரை, கங்காரு, கோவில் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் காலையில், "அந்தத் திராட்சைத் தோட்டம்னு சொன்னியே..." என்று பேச்சு ஆரம்பிக்கும். வண்டி கிளம்புவதற்குள் இருபது கேள்வி வந்துவிடும். பல வருடமாக அதே கேள்விகள்தான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

பரோசா எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். டனுண்டா, நூரியூட்பா, ஆங்காஸ்டன் என்ற மூன்று சிற்றூர்களைச் சுற்றித்தான் எல்லாம். கார் இல்லாதவர்கள் காலர் (Gawler) என்ற ஊர் வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஆனால் ஒயினரிகள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் இரண்டாவது இடத்துக்கே கால் போகாது.

குடும்ப ஒயினரி என்றால் என்ன? பெரிய கம்பெனிக்குப் போனால் ஆகாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் நான் கூட்டிப் போவது, ஒரு குடும்பமே தலைமுறையாக ஒயின் செய்து வரும் இடங்களுக்குத்தான்.

1842-ல் பிரஷ்யாவிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் பரோசாவில் பெத்தனி என்ற ஊரை அமைத்தன. அரசர் சொன்னபடி வழிபாட்டு முறையை மாற்றிக்கொள்ள மறுத்துக் கப்பலேறியவர்களின் கூட்டம் அது. கோதுமை, பன்றி, காய்கறியோடு கொஞ்சம் திராட்சையும் போட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பெயர்களை இன்றைக்கும் கல்லறையிலும் பார்க்கலாம், பாட்டிலிலும் பார்க்கலாம். ஆறாம் தலைமுறை ஏழாம் தலைமுறை என்று அங்கே சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த இடங்களில் சுவைக் கூடத்தை ஆஸ்திரேலியர்கள் 'செல்லார் டோர்' என்பார்கள். நிலவறைக் கதவு என்று பொருள். பழைய நாளில் நிஜமாகவே நிலவறை வாசலில் நின்றுதான் வாங்கிப் போயிருக்கிறார்கள். சின்ன இடங்களில் இன்றைக்கும் அந்த வாசம் போகவில்லை. ஊற்றிக் கொடுப்பவரே காலையில் டிராக்டர் ஓட்டியவராக இருப்பார். நான் வழக்கமாகப் போகும் ஒரு இடத்தில், அறுவடை நேரமென்றால் கல்லாவில் நிற்கும் அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் கருநீலமாக இருக்கும். மருதாணி மாதிரி, நகக் கண்ணில் மட்டும் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. எத்தனை தேய்த்தாலும் மே மாதம் வரை போகாதாம். அவர் மாமனார் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நம் ஊர்ப் பலசரக்குக் கடைப் பெரியவர் மாதிரியே. ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்போடு போனால் மீதி மரியாதையெல்லாம் தானாகவே வந்துவிடும்.

முன்பதிவு கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நீண்ட வார விடுமுறையில், சொல்லாமல் கொள்ளாமல் பதினொரு பேராக ஒரு சின்ன இடத்தில் போய் இறங்கினோம். இரண்டு வேன். உள்ளே மொத்தமே எட்டு நாற்காலி. அங்கிருந்த பையன் சிரித்த முகத்தோடுதான் இடமில்லை என்று சொன்னான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் "இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தார். எனக்குத்தான் எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் என்றால் வார நாளில் சும்மா போய் நிற்கலாம். ஆறு பேருக்கு மேல் என்றால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். பெரும்பாலான இடங்கள் காலை பத்து பதினொன்றுக்குத் திறந்து மாலை நாலரை ஐந்துக்கெல்லாம் மூடிவிடும். நாலே முக்காலுக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

காசு கேட்பார்களா?

முன்பெல்லாம் இலவசம். இப்போது பல இடங்களில் ஆளுக்கு ஒரு கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். அரிதான பழைய ஒயின்கள் வேண்டுமென்றால் கட்டணம் எங்கேயோ போகும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. போய் நின்றால் அசிங்கமாக இருக்காதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஒயின் பேச்சில் வெள்ளைக்காரர்கள் திணறும் ஒரு சொல் இருக்கிறது, டானின். சிவப்பு ஒயினைக் குடித்ததும் ஈறும் நாக்கும் காய்ந்து இழுத்துப் பிடிக்குமே, அது. அதை விளக்க அவர்கள் ஆறிப்போன தேநீரைச் சொல்வார்கள், பட்டுத்துணி என்பார்கள், மணல்தாள் என்பார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம், மாதுளைத் தோல், கடுக்காய் என்று வகை வகையாகத் துவர்ப்பைத் தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது. "இது பாக்குத் துவர்ப்பு, அது நாவல்பழத் துவர்ப்பு" என்று உங்களால் பிரிக்க முடிந்தால் பக்கத்தில் நிற்கும் ஆளைவிட ஒரு படி மேலே நிற்கிறீர்கள்.

வாசனையும் அப்படித்தான். அவர்கள் கொடுக்கும் சீட்டில் பிளாக்பெர்ரி, மல்பெரி, கேசிஸ் என்று இருக்கும். அந்தப் பழங்களை நாம் பாதி தின்றதில்லை. விட்டுத்தள்ளுங்கள். என் அம்மா மது தொடாதவர். கோப்பையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நாவல்பழத்தை உப்பு போட்டுக் குலுக்கின வாசனை, பின்னாடி கொஞ்சம் கிராம்பு" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஊற்றிக் கொடுத்த அம்மா நாவல்பழம் என்றால் என்ன என்று கேட்டு, எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று மிளகு. பரோசாவின் ராஜா ஷிராஸ் என்ற கருப்புத் திராட்சை. சில ஷிராஸில், அதிலும் குளிர்ச்சியான மேட்டு நிலத்தில் விளைந்ததில், மிளகு வாசனை பளிச்சென்று வரும். சும்மா உவமைக்குச் சொல்வதில்லை. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம். மிளகுக்குக் காரமணம் கொடுப்பதும் அதே பொருள்தான். இதை 2008-ல் வெளியிட்டவர்கள் இதே அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார். வேடிக்கை என்னவென்றால் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் மூக்கில் ஏறவே ஏறாதாம். என் நண்பர் ஒருவர் அந்த வகை. மிளகு ரசத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று இப்போதெல்லாம் யோசிப்பேன்.

ரீஸ்லிங் என்று ஒரு வெள்ளை ஒயின் உண்டு, பழசானால் அதில் மண்ணெண்ணெய் வாசனை வரும். ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அது குற்றமில்லை. வயதான ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதான், அவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

கோப்பையை ஏன் சுழற்றுகிறார்கள்? எந்த வரிசையில் குடிக்க வேண்டும்?

சுழற்றினால் ஒயின் கோப்பைச் சுவரில் படர்ந்து காற்றுப்படும், வாசனை எழும்பும். அதற்கு மேல் அதில் தத்துவம் இல்லை. கை பழகாதவர்கள் கோப்பையை மேசையிலேயே வைத்து வட்டமாக நகர்த்துங்கள், சட்டை தப்பிக்கும். கோப்பையின் வயிற்றைப் பிடிக்காமல் காலைப் பிடித்தால் கைச்சூடு ஏறாது.

வரிசையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெள்ளையில் தொடங்கி, லேசான சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியில் இனிப்பு. விருந்தில் பாயசத்தை முதலில் குடித்துவிட்டு ரசத்துக்கு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடும், வரிசையைக் கலைத்தால்.

துப்பலாமா? அவமரியாதை ஆகாதா?

ஆகாது. கல்லாவில் வாளி போல ஒன்று வைத்திருப்பார்கள். நம் தாத்தா கட்டிலடியில் வைத்திருந்த படிக்கம்தான், இங்கே கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். ஒயின் தயாரிப்பவர்கள் ஒரு நாளில் நாற்பது ஐம்பது சுவைக்க வேண்டியிருக்கும், அத்தனையையும் துப்பிவிடுவார்கள். பிடிக்காததை மீதி வைத்து அதில் கொட்டிவிடுவதும் சரியே. "வீணாக்கக் கூடாது" என்று வளர்க்கப்பட்ட நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். சாப்பாட்டுத் தட்டு வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் மாமனார் கடைசித் துளி வரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு வந்தார். மூன்றாவது இடத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

சுவை பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுவைக்கு சுமார் 30 மில்லி ஊற்றுகிறார்கள். பரோசா ஷிராஸ் 14.5 சதவீதம் இருக்கும். அதில் கிட்டத்தட்ட மூன்றரை கிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் 'ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க்' என்பது 10 கிராம். ஆக மூன்று சுவை ஒரு டிரிங்க், ஓர் இடத்தில் ஆறு சுவை என்றால் இரண்டு டிரிங்க். மூன்று இடம் போனால் ஆறு. சும்மா நாக்கில் வைத்துப் பார்த்தோம் என்றுதான் மனசு சொல்லும், ரத்தம் அப்படிச் சொல்லாது.

சட்ட வரம்பு ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால். லேர்னர், பி-பிளேட் (புதிதாக உரிமம் வாங்கிய) ஆட்களுக்குப் பூஜ்யம், ஒரு மிடறுகூடக் கூடாது. போலீஸ் எந்தச் சாலையில் வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். நாங்கள் செய்வது: புறப்படுமுன்பே ஓட்டுநர் யார் என்று முடிவு செய்துவிடுவோம். அவர் வாளியோடுகூட விளையாடுவதில்லை, மூக்கோடு நிறுத்திக்கொள்வார். அவருக்குப் பிடித்த ஒரு பாட்டிலைக் கூட்டுக் காசில் வாங்கிக் கொடுத்துவிடுவோம், வீட்டுக்கு வந்து நிதானமாகக் குடிக்கட்டும். எல்லோருக்கும் ஆசை என்றால் டூர் வேன் பிடியுங்கள். நகரத்தில் போல நினைத்த நேரத்தில் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

குடிக்காதவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே ஊற்ற மாட்டார்கள், அவ்வளவுதான். பல இடங்களில் புல்வெளி இருக்கும், நாய் ஒன்று நிச்சயம் இருக்கும். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறோ காபியோ இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்காவது வெர்ஜூஸ் கிடைத்தால் அம்மாக்களுக்கு வாங்கிக் கொடுங்கள். பழுக்காத திராட்சையைப் பிழிந்த புளிப்புச் சாறு, போதை கிடையாது. பரோசாவில் மேகி பீர் என்ற சமையல்கார அம்மையார் 1984-ல் இதை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கினார். என் அம்மா ஒரு புட்டி வாங்கி வந்து எலுமிச்சைக்குப் பதிலாக ரசத்தில் விட்டார். நன்றாக வந்தது. மாங்காய் ரசத்துக்கும் எலுமிச்சை ரசத்துக்கும் நடுவில் ஒரு ருசி.

ஒயின் சைவம்தானே? திராட்சைதானே?

திராட்சைதான், ஆனால் தெளியவைக்கும் பொருளில் சிக்கல் இருக்கிறது. புது ஒயின் கலங்கலாக இருக்கும், துவர்ப்பும் முரட்டுத்தனமாக இருக்கும். அதைத் தணிக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், ஐசிங்கிளாஸ் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். கசடைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், பிறகு தெளிவை மேலாக இறுத்துவிடுவார்கள். ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பை. ராமேஸ்வரம் பக்கம் நெட்டி என்பார்களே, கூறல் மீன் சிக்கினால் ஏலத்தில் விலை எகிறுவதே அந்த நெட்டிக்காகத்தானே, அந்த வகைச் சமாச்சாரம்.

ஆஸ்திரேலியாவில் முட்டை, பால் இவை ஒயினில் தங்கியிருந்தால் லேபிளில் போட வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக. ஐசிங்கிளாஸுக்கு ஒயினிலும் பீரிலும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளைப் படித்துவிட்டுச் சைவம் என்று முடிவு கட்ட முடியாது. கல்லாவில் "இது வீகனா?" என்று நேராகக் கேளுங்கள். தயாரித்தவரே எதிரில் நிற்கும் இடத்தில் இதுதான் வசதி, உடனே பதில் வரும். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும், எதுவும் சேர்க்காமல் தானாகத் தெளிய விடுபவர்களும் இப்போது நிறையப் பேர்.

தோட்டத்துக்குள் இறங்கிப் போட்டோ எடுக்கலாமா?

கேட்காமல் இறங்கவே இறங்காதீர்கள். இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன்.

பைலாக்சரா என்று ஒரு பூச்சி. பேனை விடச் சின்னது, திராட்சையின் வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைக் கூண்டோடு காலி செய்தது. ஆஸ்திரேலியாவில் 1877-ல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் பக்கம் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-லேயே சட்டம் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அதனால் இன்று வரை இங்கே அந்தப் பூச்சி நுழையவில்லை. உலகில் பெரும்பாலான இடங்களில் பூச்சி தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கொடிகள்தான். பரோசாவிலோ 1840-களில் நட்ட கொடி தன் சொந்த வேரிலேயே நின்று காய்க்கிறது.

அந்தப் பூச்சி பயணம் செய்வது செருப்பில் ஒட்டிய மண்ணில். மெல்போர்ன் பக்கத்து யாரா பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. போன வாரம் அங்கே நடந்த ஷூவோடு இங்கே வரிசைக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வேலி ஓரத்தில் நின்று எடுத்தாலே படம் அழகாக வரும்.

என் சித்தப்பா கம்பத்தில் திராட்சை போட்டவர். பன்னீர் திராட்சை, கல்தூணும் கம்பியுமாகத் தலைக்கு மேலே பந்தல். அவரை ஒரு பழைய தோட்டத்து வேலியோரம் நிறுத்தினேன். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவு உயரத்தில், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி கருத்த கட்டைகள், ஒவ்வொன்றும் தன்னந்தனியாக.

"ஏப்பா, இதென்ன கத்தரிச் செடியாட்டம் நிக்குது? இதுக்கா நூறு வருசம்?"

"நூத்தி இருபதுக்கு மேலேன்னு சொல்றாங்க சித்தப்பா."

"ஒரு செடிக்கு எவ்வளவு காய்க்குமாம்?"

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொன்னேன். சித்தப்பா சிரித்துவிட்டார். அவர் தோட்டத்தில் ஒரு கொடி காய்ப்பதில் ஒரு ஓரம்தான் இது. கம்பத்தில் கவாத்து செய்து வருடத்துக்கு இரண்டு அறுவடைக்கு மேல் எடுப்பார்கள். இங்கே குளிர்காலம் முழுக்கக் கொடி மொட்டையாகத் தூங்கும், வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. "இதை வெச்சு எப்படிப்பா கட்டுப்படியாகும்?" என்றார். நியாயமான கேள்வி. 1980-களில் அரசாங்கமே காசு கொடுத்துப் பழைய கொடிகளைப் பிடுங்கச் சொன்னது, யாருக்கும் அந்தப் பழம் வேண்டியிருக்கவில்லை. பிடுங்க மனசு வராத சில குடும்பங்கள் வைத்திருந்ததுதான் இன்றைக்கு மிச்சம். 2009-ல் பரோசாவில் வயதுக்குப் பட்டியலே போட்டார்கள். 35 வருடம் தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப்பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. குறைவாகக் காய்த்தாலும் இருக்கிற நாலு குலையில் சாரம் இறங்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. சித்தப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டை ஒன்றை நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

எப்போது போவது நல்லது?

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. ஊரே புளித்த திராட்சை மணமாக இருக்கும், பார்க்க நிறைய இருக்கும். ஆனால் ஆட்களுக்கு நிற்க நேரமிருக்காது. உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஜூன், ஜூலை குளிர்காலம். கணப்பு எரியும், கூட்டமிருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈஸ்டரை ஒட்டி அறுவடைத் திருவிழா நடக்கும், 1947-ல் தொடங்கியது. அப்போது தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரி, பெயர் சொல்லுங்கள். எங்கே போகலாம்?

ஒரு நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவது இடத்தில் எல்லாமே ஒரே ருசியாகிவிடும்.

ஆங்காஸ்டனில் யலும்பா. 1849-ல் தொடங்கியது, இன்றும் அதே குடும்பத்தின் கையில். ஆஸ்திரேலியாவில் குடும்பத்தாரே நடத்தும் ஒயினரிகளில் மிகப் பழையது. பெரிய இடம்தான், ஆனால் தங்கள் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்ளும் பட்டறை இன்னும் வைத்திருக்கிறார்கள். கைனிட்டனில் ஹென்ஷ்கி, 1868 முதல். அவர்களின் ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டம் ஒரு சின்ன லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது, 1860 வாக்கில் நட்ட கொடிகள். அந்த ஒயினின் விலையைக் கேட்டு மயங்காதீர்கள், மற்றவை நம் கைக்கு எட்டும். டனுண்டாவில் லாங்மைல், அங்கே 1843-ல் நட்ட ஷிராஸ் இருக்கிறது. பக்கத்திலேயே டர்க்கி ஃபிளாட். அதன் சுவைக் கூடம் முன்பு அந்தக் குடும்பத்தின் கசாப்புக் கடையாக இருந்த கல் கட்டடம்.

குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டாலும் செப்பல்ட்ஸ்ஃபீல்டை விட மனசு வரவில்லை. 1878-ல் பென்னோ செப்பல்ட் தன் புது நிலவறை கட்டி முடிந்த சந்தோஷத்தில் நல்ல போர்ட் வகை இனிப்பு ஒயினாகப் பார்த்து ஒரு பெரிய பீப்பாயில் ஊற்றி, நூறு வருடம் யாரும் தொடக் கூடாது என்றார். அதன் பின் வருடம் தவறாமல் வைத்துக்கொண்டே வருகிறார்கள். நீங்கள் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். நான் குடித்தேன். கருப்பட்டிப் பாகைச் சட்டியோடு அடிப்பிடிக்க விட்டு, அதில் பேரீச்சையும் அக்ரூட்டும் போட்டது மாதிரி. கோப்பையின் சுவரில் விளக்கெண்ணெய் போல ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. போகும் சாலையின் இரு பக்கமும் ஈச்சை வகை மரங்கள், இரண்டாயிரம் இருக்கும். 1930-களின் பஞ்ச காலத்தில் வேலையாட்களை நிறுத்த மனமில்லாமல் மரம் நடச் சொல்லிக் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

போவதற்கு முன் எதைத் தவிர்க்க வேண்டும்?

மல்லிகைப்பூ. தலையில் நாலு முழம் வைத்துக்கொண்டு போனால் அறையில் யாருக்கும் வேறு வாசனை தெரியாது. சென்டும் அப்படித்தான். காலையில் ஊறுகாய், வெற்றிலைபாக்கு வேண்டாம். ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இட்லி உத்தமம்.

திருகு மூடி போட்ட பாட்டில் மட்டமானதா?

இல்லை. தக்கை சில சமயம் ஒயினை ஈரக் கோணி நாற்றமடிக்க வைத்துவிடும். அந்தத் தொல்லை பொறுக்காமல் பக்கத்துக் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்காரர்கள் 2000-ல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள், நாடே பின்னால் வந்துவிட்டது.

நம் சாப்பாட்டுக்கு எது ஒத்துவரும்?

மிளகாய்க் காரத்தோடு கனத்த ஷிராஸ் சேர்ந்தால் வாய் எரியும். ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும், துவர்ப்பு அதன்மேல் உட்காரும். அதனால் செட்டிநாட்டுக் கோழிக்கு ஷிராஸ் என்று யாராவது சொன்னால் அவர் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். லேசான இனிப்புள்ள, பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் கிடைத்தால் மீன் குழம்புக்கு வாங்குங்கள். பிரியாணிக்கு என் ஓட்டு கிரனாஷ் என்ற சிவப்பு ஒயினுக்கு. துவர்ப்பு குறைச்சல், பழச்சுவை தூக்கல், பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடிக்கலாம். மிளகு வறுவலுக்கு மட்டும் ஷிராஸை மன்னிப்பேன்.

வாங்கியே ஆக வேண்டுமா? கிளப்பில் சேரச் சொல்கிறார்களே?

கட்டாயமில்லை. கட்டணம் கொடுத்திருந்தால் கணக்குத் தீர்ந்தது. கட்டணமே வாங்காமல் ஒரு மணி நேரம் கதை சொல்லி ஊற்றியிருந்தால் ஒரு பாட்டிலாவது எடுத்துக்கொள்வதுதான் அழகு. கிளப் என்பது வருடத்துக்குச் சில முறை பெட்டி வீட்டுக்கு வந்து இறங்கும் ஏற்பாடு. அட்டையில் காசு தானாகப் போகும். நாலாவது கோப்பைக்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊருக்கு எடுத்துப்போகலாமா?

இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆக இரண்டு பாட்டில், மூன்றாவது எல்லை தாண்டிவிடும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் வேட்டியில் சுற்றி நடுவில் வையுங்கள். ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கி 60 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் விமான நிலையத்தில் ஜி.எஸ்.டி-யும் ஒயின் வரியும் திரும்பக் கேட்கலாம். ஆனால் பெட்டியை உள்ளே போடுவதற்கு முன்பே பாட்டிலை அதிகாரிகளிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்த வரிசைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். சித்தப்பா பாட்டில் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஒரு பழங்கொடியின் குச்சி கிடைக்குமா, கம்பத்தில் நட்டுப் பார்க்கலாம் என்று கேட்டார். அது எந்த நாட்டு விமான நிலையத்திலும் நடக்காது என்று சொல்லி அழைத்து வந்தேன்.